வட்டத்தின் அளவு

வெயிலில் முதலில் வெளுப்பது சிவப்புதான். எந்த மை வாங்கினாலும் அப்படித்தான். சித்திரையில் கட்டிய போர்டைப் புரட்டாசியில் போய்ப் பார்த்தால் மணப்பெண்ணின் பட்டுச்சேலை கஞ்சி நிறத்தில் இருக்கும். கறுப்பு மட்டும் அப்படியே நிற்கும். அதனால் பெயர்களைக் கறுப்பில் போடச் சொல்வேன். தொழிலில் இருக்கிறவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

நான் சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள் சார். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. இருந்தாலும் எழுதி முடித்ததும் வாசிக்கச் சொல்லிக் கேட்பேன். ஒரு வார்த்தை கூடியிருந்தாலும் கையெழுத்துப் போடமாட்டேன். உங்கள்மேல் தனியாக எனக்குச் சந்தேகம் கிடையாது. நான் யாரையும் நம்புவதில்லை, அவ்வளவுதான்.

என் பெயர் கண்ணுச்சாமி. ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் எங்கள் பிளெக்ஸ் கடை இருக்கிறது. கடை என் மகன் அழகுராஜா பெயரில். ஆனால் நான் பார்க்காமல் ஒரு போர்டும் மிஷினுக்குப் போகாது. கல்யாணம், சடங்கு, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எதுவாக இருந்தாலும் நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

எங்கள் ஊர்ப் போர்டு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நடுவில் விசேஷத்துக்கு உரியவர்கள். மேலே, செத்துப்போன பெரியவர்கள், பக்கத்தில் விளக்கோடு. கீழே வரிசையாக வட்டங்கள், வட்டத்துக்கு ஒரு தலை: சித்தப்பா, மாமன், மச்சான், பங்காளி. மண்டபத்துக்கு வருகிறவன் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பார்ப்பதில்லை. தன் தலையைத் தேடுவான். கண்டுபிடித்ததும் பக்கத்துத் தலையைப் பார்ப்பான். அது பெரிதா, இது பெரிதா என்று அளப்பான். அவனியாபுரத்தில் ஒரு கல்யாணத்தில், மூத்த மச்சான் வட்டத்தைவிட இளையவன் வட்டம் ஒரு சுற்றுப் பெரிதாகப் போய்விட்டது. மூத்தவன் சீர்வரிசையை வண்டியிலிருந்து இறக்காமலே திருப்பிக்கொண்டு போனான். அந்தப் போர்டு எங்கள் கடையில் அடித்தது இல்லை. என் கண்ணில் பட்டிருந்தால் அது நடந்திருக்காது.

இந்தத் தலைகளை வெட்டுவதற்கும், முகத்தை வெளுப்பாக்குவதற்கும், சட்டை இல்லாதவனுக்குச் சட்டை போடுவதற்கும், மாலை போடுவதற்கும் எங்களிடம் ஒரு சாஃப்ட்வேர் உண்டு. ஜெய்சன் என்று ஒரு பாலிடெக்னிக் வாத்தியார் எங்களுக்காக எழுதிக்கொடுத்தது. பிறகு அவர் துபாய்க்குப் போய்விட்டார். அழகுராஜா அதை மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி என்று மற்ற ஊர்க் கடைகளுக்கும் போட்டுக்கொடுத்தான். போட்ட இடத்திலெல்லாம் புகார். பெரிய போர்டு என்றால் பாதியில் நின்றுவிடும். ஒன்றைச் சரிபண்ணினால் இன்னொன்று கெட்டுப்போகும். கடைசியில் அவன் ரூத் என்ற பெண்ணைக் கூட்டிவந்தான்.

ரூத்துக்கு வீடு இங்கே கே.கே. நகரில். சென்னையில் பெரிய கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, மாமியாருக்கு முடியவில்லை என்று ஊர் திரும்பியவள். ஸ்கூட்டியில் வருவாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்குமுன் கண்ணை மூடி ஜெபம் பண்ணுவாள். கெட்டிக்காரி. அவளைப் பற்றி நான் குறை சொல்லப்போவதில்லை.

வந்த அன்றைக்கே ஜெய்சன் எழுதியதைப் பிரித்துவைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயா, இதென்ன கூத்து? ஒரே வேலைய ஏழெட்டு எடத்துல எழுதி வச்சிருக்காரு. கல்யாணப் போர்டுக்குத் தல வெட்ட ஒரு எடம், காதுகுத்துக்குத் தல வெட்ட வேற எடம், சாவுக்கு வேற. தல ஒண்ணுதானேய்யா?"

"ஓடுதுல்ல?" என்றேன்.

"ஓடுது. நொண்டிக்கிட்டு ஓடுது."

"ஓடுற வண்டிய எதுக்கும்மா பிரிக்கிற?"

"நடுரோட்டுல நின்னா நீங்களா தள்ளப்போறீங்க?"

அழகுராஜா சிரித்தான். "மேடம், எங்கப்பா தள்ளமாட்டாரு. நம்மளத் தள்ளச் சொல்லிட்டு, சரியாத் தள்ளலன்னு வைவாரு."

அவள் செய்த வேலை எனக்குப் புரிந்த அளவில் இதுதான். வெளியே எதையும் மாற்றவில்லை. அதே பொத்தான், அதே இடம், அதே நிறம். உள்ளே மட்டும் எல்லாவற்றையும் கழற்றி வேறு மாதிரி பூட்டினாள். எட்டு இடத்தில் இருந்ததை ஓரிடத்தில் வைத்தாள். எதற்கும் பயன்படாமல் கிடந்த வரிகளை அழித்தாள். ஒவ்வொன்றையும் மாற்றியபின் பழைய போர்டு ஒன்றைப் போட்டுப் பார்த்து, முன்பு வந்த மாதிரியே வருகிறதா என்று சரிபார்ப்பாள். வந்தால் அடுத்ததற்குப் போவாள்.

வெளியே அதே மாதிரி இருந்துகொண்டு உள்ளே மாறுவது எனக்குப் பிடிக்காது. என் மகள் முத்துமீனாவும் அப்படித்தான் மாறினாள். காலேஜ் போனபோதும் சரி, முடித்துவிட்டு எங்கள் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோதும் சரி, அதே சடை, அதே பேச்சு, சாயங்காலம் எனக்கு அதே சர்க்கரை இல்லாத டீ. ஒருநாள் டீ வைத்துக் கொடுத்துவிட்டுப் போனவள் வீட்டுக்கு வரவில்லை.

அவன் பெயர் பீமாராவ். மில்லில் சூப்பர்வைசர். அவன் ஊர் விசேஷங்களுக்குப் போர்டு அடிக்க எங்கள் கடைக்கு வந்துபோனவன்தான். பெயரைச் சொன்னாலே எந்தப் பக்கம் என்று உங்களுக்கு விளங்கும். அவனுடைய தாத்தா காலத்தில் அவர்கள் எங்கள் ஆட்களின் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். இப்போது சொந்தமாக நிலம் வைத்து விவசாயம் பண்ணுகிறார்கள். பண்ணட்டும். நான் அதைத் தப்பு என்று எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. பதிவுத் திருமணம் பண்ணிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனார்கள். போலீஸ்காரர்கள் என்னைக் கூப்பிட்டு, தொந்தரவு பண்ணமாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள். அவள் என் முகத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

என் வீட்டுக்காரி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். கேட்டவர்களிடம், பெண் சென்னையில் வேலை பார்க்கிறாள் என்றேன். எல்லோருக்கும் விஷயம் தெரியும், இருந்தாலும் தலையை ஆட்டினார்கள். அவன் ஊரில் அவர்கள் இல்லை. மில் இருக்கிற ஊராக இருக்கும் என்று நான் திருப்பூரில் தேடினேன், கோயம்புத்தூரில் தேடினேன். எதற்குத் தேடினீர்கள் என்று கேட்கிறீர்கள். இருக்கிற இடம் தெரிந்திருக்க வேண்டும் இல்லையா. அழகுராஜா ஒரு தடவை சொன்னான்.

"விடுங்கப்பா. போனவ போயிட்டா. நல்லா இருந்தாச் சரி."

"நான் என்ன, நல்லா இருக்கக் கூடாதுன்னா சொன்னேன்?"

"நீங்க ஒண்ணும் சொல்லல. அதாம்ப்பா எனக்குப் பயமா இருக்கு."

மகனுக்குத் தகப்பன்மேல் பயம் இருப்பது நல்லதுதான் என்று அப்போது நினைத்தேன்.

ரூத் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது வட்டத்தின் அளவைப் பற்றிப் பேச்சு வந்தது. ஜெய்சன் எழுதியதில் ஒவ்வோர் உறவுக்கும் ஓர் அளவு உண்டு. தாய்மாமனுக்கு ஒன்று, பங்காளிக்கு ஒன்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச்சொல்ல அவர் போட்டது.

"இந்த நம்பரெல்லாம் அங்கங்க செதறிக் கெடக்குய்யா," என்றாள் ரூத். "ஒரே அளவா ஒரு எடத்துல வச்சிர்றேன். எல்லா வட்டமும் சமமா விழுகும். வேணுங்கிறவங்க அப்புறமா மாத்திக்கட்டும்."

"சமமா விழுந்தா சண்ட வரும்."

"சமமா இருந்தா எதுக்குய்யா சண்ட வருது?"

"அதுக்குத்தாம்மா வருது."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, சிரித்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். மற்ற ஊர்க் கடைக்காரர்களுக்கும் அதுதான் லேசு என்று அழகுராஜா சொன்னான். சரி, போடு என்றேன். நான்தான் சொன்னேன். மறைக்கவில்லை.

அடுத்து அவள் செய்தது பெரிய வேலை. ஒரே ஆளின் தலை பத்துப் போர்டில் வரும். ஒவ்வொரு தடவையும், ஒவ்வொரு கடையிலும் புதிதாக வெட்டிக்கொண்டிருந்தோம். அவள் எல்லாக் கடைத் தலைகளையும் ஓரிடத்தில் சேர்த்தாள். ஒரு முகம் இன்னொரு முகத்தோடு பொருந்தினால் சாஃப்ட்வேரே கண்டுபிடித்து ஒன்றாகக் கட்டிவைக்கும். மேலூரில் வெட்டிய தலையை இங்கே எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் இறந்துவிட்டால் ஏதாவது ஒரு கடையில் அவர் முகத்துக்கு விளக்குக் குறி போட்டால் போதும், எல்லாக் கடையிலும் அது வந்துவிடும். செத்தவரை மறந்துபோய் உயிரோடு இருப்பவர்கள் வரிசையில் வைத்து அடி வாங்கிய கடைக்காரர்கள் உண்டு. அந்தத் தொல்லை இனி இல்லை. அது நல்ல ஏற்பாடு என்று நானே சொன்னேன்.

சோதித்துப் பார்க்க ஒரு முகம் வேண்டும் என்றாள்.

"ஒங்க மொகத்தையே போட்டுப் பாப்போம்யா. வாங்க, இப்பிடி வெளிச்சத்துல நில்லுங்க. கொஞ்சம் சிரிங்க."

"எதுக்கு?"

"சரி, சிரிக்காதீங்க. இதுவே போதும்."

கைப்பேசியில் என்னைப் படமெடுத்து உள்ளே போட்டாள். கொஞ்ச நேரத்தில் திரையில் என் முகங்கள் வந்தன. எங்கள் கடைப் பொங்கல் வாழ்த்துப் போர்டில் இருந்தது. என் மச்சினன் வீட்டுக் கல்யாணத்தில் இருந்தது. கடைசியாக ஒன்று. அதன் கீழே வாடிப்பட்டிக் கடையின் பெயர் இருந்தது.

அந்தப் படத்தில் நான் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி இருந்தேன். தோளில் யாருடைய விரலோ இருந்தது, அதைப் பாதி வெட்டாமல் விட்டிருந்தார்கள். எந்தப் படம் என்று பார்த்ததுமே தெரிந்தது. முத்துமீனா காலேஜில் பட்டம் வாங்கிய அன்றைக்கு என் தோளில் கையைப் போட்டு அவள் கைப்பேசியில் எடுத்தது. வேறு யாரிடமும் அது கிடையாது.

"பாத்தீங்களாய்யா! ஒரு ஓரமாத் திரும்பிருந்தும் கண்டுபிடிச்சிருச்சு," என்று ரூத் சந்தோஷப்பட்டாள். "வாடிப்பட்டில யாரு, சொந்தமா?"

"மக."

"ஒங்களுக்கு மக இருக்கா? சொல்லவே இல்ல?"

அந்தப் போர்டு முழுவதையும் பார்க்க முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றாள். தலை மட்டும்தான் எல்லோருக்கும் பொது, ஒரு கடைப் போர்டை இன்னொரு கடைக்காரர் பார்க்கக் கூடாதென்று பூட்டி வைத்திருக்கிறேன், அதுதான் முறை என்றாள். முறைதான். நான் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. பொய்யும் சொல்லவில்லை. மகளோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்றும், என் பேரப்பிள்ளையின் முகத்தை நான் பார்த்ததே இல்லை என்றும் சொன்னேன். அதில் எது பொய்? பேரப்பிள்ளை என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. திரையில் அந்த முகத்தின் கீழே கடைப் பெயரோடு 'தாத்தா' என்றும் எழுதியிருந்தது.

ரூத் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம், "இந்த ஒரு தடவதான்யா," என்று திறந்து காட்டினாள்.

காதணி விழா. பெண் குழந்தை, பவதாரிணி என்று பெயர். வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கோயில், வரும் ஞாயிற்றுக்கிழமை. நான் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் தேடியவள் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் போய்விடுகிற தூரத்தில் இருந்திருக்கிறாள். மேலே விளக்கோடு என் வீட்டுக்காரி. கீழே அவன் பக்கத்து ஆட்கள் இரண்டு வரிசை. அவள் பக்கத்தில் நான் ஒருத்தன். பெண்வழிச் சொந்தம் இல்லாமல் காதுகுத்துப் போர்டு போட்டால் பார்க்கிறவன் சிரிப்பான். அதற்காகப் போட்டிருக்கிறாள்.

எனக்குப் பக்கத்து வட்டத்தில் அவனுடைய தகப்பன் ஆண்டிச்சாமி. அவன் வட்டமும் என் வட்டமும் ஒரே அளவு.

நான் விரலை வைத்து அளந்து பார்த்தேன். ரூத் நான் குழந்தையைத் தடவுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

"போய்ப் பாத்துட்டு வாங்கய்யா," என்றாள். "கர்த்தர் ஒங்களுக்கு வழி காட்டுறாரு."

வாரேன் என்று தகவல் சொல்லி அனுப்பட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், நேரில் போகிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் நாள் வாடிப்பட்டியில் முன்பே போட்டுக்கொடுத்த மாதிரி மேலூரிலும் புதிய சாஃப்ட்வேர் போட்டுக்கொடுக்க அழகுராஜா போயிருந்தான். ரூத்துக்கு விடுமுறை. நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். எனக்கு மவுஸ் பிடிக்கத் தெரியும். முன்பெல்லாம் மாலை போட வேண்டுமென்றால் நாலு இடத்தில் தட்ட வேண்டும், அப்படியும் பாதியில் நின்றுவிடும். இப்போது முகத்தைத் தொட்டு விளக்குக் குறியைத் தட்டினால் மாலை, விளக்கு, கறுப்புக் கரை எல்லாம் தானாக வந்து உட்காருகின்றன. அந்தப் பெண் நல்ல வேலைக்காரி. முத்துமீனாவின் முகம் வாடிப்பட்டிப் போர்டிலிருந்து வந்து பொதுவில் இருந்தது. அதை எடுத்தேன். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். நடுவில் ஒரே ஒரு வட்டம், பெரிதாக. வேறு யாருடைய தலையும் வைக்கவில்லை. தேதி போடுகிற இடத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தேதியைப் போட்டேன்.

முன்கூட்டியே போர்டு தயார் பண்ணி வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம்தான். ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடப்பவர்களுக்குச் சொந்தக்காரர்களே வந்து சொல்லிவைப்பார்கள். கடைசி நேரத்தில் பரபரத்தால் தப்பு வரும். நான் அதை அச்சுக்கு அனுப்பவில்லை. மூடிவிட்டு எழுந்தேன்.

காலையில் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். ஜவுளிக்கடையில் குழந்தைக்கு ஒரு பாவாடை சட்டை எடுத்துக்கொண்டேன். கோயில் வாசலில் அந்தப் போர்டு கட்டியிருந்தது. அதன் கீழே கொஞ்ச நேரம் நின்றேன். வருகிறவர்கள் என்னைப் பார்த்தார்கள், போர்டைப் பார்த்தார்கள், மறுபடியும் என்னைப் பார்த்தார்கள்.

முத்துமீனா பந்தலிலிருந்து ஓடிவந்தாள். செருப்புக்கூடப் போடவில்லை. பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டாள். தொடலாமா, கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"யாருப்பா சொன்னா? எப்பிடிப்பா தெரிஞ்சிச்சு?"

"போர்டுல என் படத்தப் போட்டுட்டு, எப்பிடித் தெரிஞ்சிச்சுங்கிற?"

அழுதுகொண்டே சிரித்தாள். "கோவமாப்பா?"

"கோவம்னா வருவனா?" என்றேன்.

பீமாராவ் வந்து, "வாங்க மாமா," என்று காலைத் தொட்டான். தள்ளி நிற்கவில்லை. ஆண்டிச்சாமி துண்டைத் தோளில் போட்டபடியே வந்து, "வாங்க சம்மந்தி, எம்புட்டு நேரமா வெயில்ல நிக்கிறீங்க," என்று கையைப் பிடித்தான். கையை நான் உதறவில்லை. அவன் மனைவி ஒச்சாயிதான் கொஞ்சம் ஒதுங்கி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பொம்பளைக்கு விவரம் உண்டு.

காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டும். அழகுராஜா வரமாட்டான் என்று, பீமாராவின் கூட்டாளி ஒருத்தனை உட்காரவைக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். முத்துமீனா அவனை எழுப்பிவிட்டு என்னை உட்காரச் சொன்னாள். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பிள்ளையை என் மடியில் வைத்தார்கள். பிள்ளை என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது. ஆசாரி குத்தியபோது ஒரு சத்தம் போட்டுவிட்டு, என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டது. என் வீட்டுக்காரியின் நெற்றி.

கறிச்சோறு போட்டார்கள். சாப்பிட்டேன். உப்புக் கொஞ்சம் கம்மி.

சாப்பிட்டுவிட்டு, கிளம்புகிறேன் என்றேன். பீமாராவ் பைக்கை எடுத்தான். வேண்டாம், மகளை அனுப்பு, கொஞ்சம் பேசிக்கொண்டே நடக்கிறேன் என்றேன். அவள் பிள்ளையை ஒச்சாயி கையில் கொடுத்தாள். ஒச்சாயி, "நானும் கூட வாரேன்," என்றாள்.

"பந்தியப் பாருங்கத்தே. எங்கப்பாகூடப் போறதுக்கு எனக்குத் தொணை வேணுமாக்கும்?" என்றாள் முத்துமீனா.

வாய்க்கால் கரை வழியாகப் போனால் பஸ் நிறுத்தம் பக்கம். அவள்தான் அந்த வழியைக் காட்டினாள். வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தார்கள், கரை தொட்டு ஓடியது. அவள் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். அண்ணன் எப்படி இருக்கிறான், கடையில் இப்போது யார் டிசைன் பண்ணுகிறார்கள், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறீர்களா, டீ யார் வைத்துத் தருகிறார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அடுத்த மாதம் பிள்ளையோடு வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்லவில்லை.

அவளுக்கு நீச்சல் தெரியாது. நான் கற்றுக்கொடுத்ததில்லை. அன்றைக்குப் படமெடுத்தபோது அவள் என் தோளில் கையைப் போட்ட மாதிரி, நான் அவள் தோளில் கையைப் போட்டேன். அவள் கொஞ்சம் சாய்ந்துகொண்டாள். அதனால் பெரிய பலம் ஒன்றும் தேவைப்படவில்லை. ஒரு தடவை மேலே வந்து, அப்பா என்றாள். காப்பாற்றச் சொல்லவில்லை. நான் தவறி இடித்துவிட்டேன் என்று நினைத்திருப்பாள். நான் நின்று பார்த்துவிட்டு, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

பஸ் ஏற்றிவிட்டுத் திரும்புகையில் கால் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஒச்சாயி மட்டும் கத்தினாளாம். அவள் பேச்சை யாரும் எடுக்கவில்லை. துட்டி கேட்கவந்தவர்கள் என் கையைப் பிடித்து, சமாதானம் ஆகிற நேரத்தில் இப்படி ஆகிவிட்டதே என்றார்கள். ஆமாம் என்றேன்.

காரியம் கெட்டுப்போனது வாடிப்பட்டிக் கடையில். அடுத்த நாள் பீமாராவின் ஆட்கள் கண்ணீர் அஞ்சலிப் போர்டு அடிக்க அங்கே போயிருக்கிறார்கள். கடைக்காரர் சூரியபிரகாஷ் அவள் முகத்தை எடுத்திருக்கிறார். எடுக்கும்போதே மாலையும் விளக்குமாக வந்திருக்கிறது. அந்த ஆள் ரூத்துக்குப் போன் போட்டு, "மேடம், ஒங்க சாஃப்ட்வேர் பிரமாதம். நான் சொல்றதுக்கு முன்னாடியே வெளக்கு வச்சிருச்சு," என்று பாராட்டியிருக்கிறார். ரூத் உள்ளே போய்ப் பார்த்தாள். குறி போட்டது எந்தக் கடை, என்றைக்கு என்று எல்லாம் அதில் இருந்தது. சாகிறதுக்கு முதல் நாள் போட்ட குறி. நான் அச்சுக்கு அனுப்பாமல் மூடிய போர்டும் தானாகவே சேமிக்கப்பட்டு இருந்தது.

உங்களிடம் வருவதற்கு முன்னால் அவள் கடைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"பேரப்பிள்ளய ஒரு தடவ பாக்கணும்னு சொன்னீங்களேய்யா."

"பாத்துட்டுத்தானம்மா வந்தேன்," என்றேன்.

வெளியே போய் ஸ்கூட்டியில் உட்கார்ந்தாள். வண்டியைக் கிளப்பாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். திறந்து காட்டியதற்காக அவளை ஏதாவது செய்வீர்களா என்று தெரியவில்லை. அவள்மேல் தப்பு இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏன் செய்தீர்கள் என்று நீங்கள் கேட்டதற்கு, வட்டம் என்று சொன்னேன். ஓடிப்போனதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். என்னைக் கேட்காமல் என் தலையை எடுத்து, அவன் தகப்பன் தலைக்குப் பக்கத்தில் அதே அளவில் வைத்து, கோயில் வாசலில் ஊர் பார்க்கக் கட்டியதை எப்படிப் பொறுப்பது? நாலு பேருக்கு நடுவில் வாழ்கிறவன் நான். நீங்களும் குடும்பஸ்தர்தான்.

அதற்கு நீங்கள், சூரியபிரகாஷ் கொடுத்த வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினீர்கள். போர்டு சொல்ல வந்த அன்றைக்கு முத்துமீனா அவரிடம், "எங்கப்பா படத்த மட்டும் கொஞ்சம் பெருசாப் போடுங்கண்ணே, அவரு அதெல்லாம் பாப்பாரு," என்று கேட்டாளாம். புது சாஃப்ட்வேரில் எல்லாம் ஒரே அளவாகத்தான் விழுகிறது, மாற்றுவது எப்படி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை, அடுத்த விசேஷத்துக்குச் செய்துதருகிறேன் என்று இவர் சொன்னாராம். அவளும் சரி என்று போய்விட்டாளாம்.

இருக்கலாம். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் செய்திருக்கமாட்டீர்கள்தானே என்று நீங்கள் கேட்டீர்கள். நேற்று முழுவதும் அதை யோசித்துப் பார்த்தேன். உங்களிடம் பொய் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. வட்டம் பெரிதாக இருந்திருந்தாலும் நான் அந்த பஸ்ஸில் ஏறியிருப்பேன். வேறு ஏதாவது ஒன்று கண்ணில் பட்டிருக்கும். காவல் நிலையத்தில் நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேனே, அப்போதே அது முடிவாகிவிட்டது. இடம்தான் தெரியாமல் இருந்தது.

என் மகளை நான்தான் கொன்றேன். வேறு யாருக்கும் இதில் சம்பந்தம் இல்லை.

இன்னும் ஒன்றே ஒன்றுதான். அழகுராஜா என்னைப் பார்க்க வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். அதனால் இதை நீங்கள்தான் எழுத வேண்டும். பவதாரிணி வளர்ந்து கேட்டால், தாய்வழிச் சொந்தம் என்று காதுகுத்துக்கு யாருமே வரவில்லை என்று அவளிடம் சொல்லிவிடக் கூடாது. தாத்தா வந்திருந்தார், மடியில் வைத்துக்கொண்டார், பாவாடை சட்டை எடுத்துவந்தார் என்று எழுதுங்கள். எழுதிவிட்டு வாசித்துக் காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.